இறக்கை நேராக உட்கார: கிரீன்வெல்ஸ் குளோரி கட்டும் முறை

தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சிபோலச் செய்து தண்ணீருக்குள் அமிழவிடும் இரைதான் வெட் ஃபிளை. டிரவுட் மீனுக்காக அதைக் கட்டப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இறக்கையில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். உடல் சுத்தமாக வந்திருக்கும். ஹேக்கிள், அதாவது பூச்சியின் கால்கள் போலச் சுற்றும் கோழிக் கழுத்து இறகு, அளவாக இருக்கும். கடைசியில் இறக்கையை வைத்து நூலை இழுத்ததும் அது ஒருக்களித்துப் படுத்துவிடும், அல்லது நாலைந்து கீற்றாகப் பிரிந்து நிற்கும். உடனே பழியை விரல்மேல் போட்டுவிடுகிறோம், இன்னும் கை வரவில்லை என்று. கைப்பழக்கம் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் இறக்கை கோணுவதற்கான காரணம் பெரும்பாலும் அதற்குச் சில நிமிடங்கள் முன்னாலேயே விழுந்துவிட்டிருக்கும்: உடலை எங்கே முடித்தோம், நூலில் எவ்வளவு முறுக்கு ஏறியிருக்கிறது, இறக்கை உட்கார வேண்டிய இடத்தைச் சமமாக்கினோமா, இரண்டு இறகுகளும் உண்மையிலேயே ஜோடிதானா. இவை சரியாக இருந்தால், இறக்கை வைக்கும் அந்தச் சில நொடிகளில் விரல்களுக்குப் பெரிய வேலை இல்லை.

எடுத்துக்கொள்வது ஒரே ஒரு ஃபிளை: கிரீன்வெல்ஸ் குளோரி. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் எல்லையாக ஓடும் ட்வீட் ஆற்றங்கரையில், ஸ்ப்ரௌஸ்டன் என்ற ஊரில், 1854 மே மாதத்தில் பிறந்தது. டர்ஹாம் தேவாலயத்தைச் சேர்ந்த வில்லியம் கிரீன்வெல் அங்கே மீன் பிடிக்கப் போயிருந்தார். ஆற்றில் பூச்சிகள் வந்துகொண்டிருந்தன, டிரவுட் அவற்றைத் தின்றுகொண்டிருந்தது, அவருடைய ஃபிளைகளை மட்டும் சீண்டவில்லை. தண்ணீரில் கண்ட பூச்சியைப் போல ஒன்று வேண்டும் என்று அவர் உள்ளூர் ஃபிளை கட்டுபவரான ஜேம்ஸ் ரைட்டிடம் கேட்டார். பிளாக்பேர்ட் பறவையின் சிறகு இறகில் இறக்கை, மஞ்சள் பட்டு நூலில் உடல், காக்-இ-பாண்டு என்ற கருப்பும் செம்பழுப்புமான ஹேக்கிள். அவ்வளவுதான் சரக்கு. மறுநாள் அது மீனை அள்ளியது. அன்று மாலை விருந்தில் ஊர்ப் பள்ளி ஆசிரியர் வைத்த பெயர்தான் நிலைத்தது. இதே கிரீன்வெல்தான் நார்ஃபோக்கிலுள்ள கிரைம்ஸ் கிரேவ்ஸ் பள்ளங்களைத் தோண்டி, அவை புதிய கற்காலத்துச் சிக்கிமுக்கிக்கல் சுரங்கங்கள் என்று 1870 வாக்கில் காட்டிய தொல்லியலாளர். தூண்டில்காரர்களுக்கு அவர் பெயர் தெரிவதோ இந்தச் சிறிய ஃபிளையால்.

எந்தப் பூச்சிக்காக இது என்று தெரிந்தால் அளவுகள் தானாகப் புரியும். வசந்த காலத்தில் அந்த ஆறுகளில் வெளிப்படும் ஆலிவ் வகை மேஃபிளை என்ற பூச்சிதான் இலக்கு. உடல் ஆலிவ் நிறம், இறக்கை பலகைக் கல்லின் சாம்பல் நிறம். நீர்மட்டத்துக்கு வரும்போது மூழ்கிப்போனது, தோலுரிக்க முடியாமல் சிக்கிக்கொண்டது, நீரோட்டம் அடித்துப்போவது: இப்படித் தண்ணீருக்குள் கிடக்கும் பூச்சியை மீனுக்குக் காட்டுவதே வெட் ஃபிளையின் வேலை. ஆகவே அது மெலிந்திருக்க வேண்டும். கடையில் விற்கும் பல கிரீன்வெல்கள் உடல் பருத்து, ஹேக்கிள் அடர்ந்து, இறக்கை அகலமாக இருக்கின்றன. பார்க்க அழகு. தண்ணீரில் சீக்கிரம் அமிழாது.

முள் 14ஆம் எண், கண் (தூண்டில் நரம்பைக் கோக்கும் வளையம்) கீழ்நோக்கி வளைந்த வெட் ஃபிளை வகை. நீர்மட்டத்தில் மிதக்கும் டிரை ஃபிளைக்கான மெல்லிய கம்பி முள் வேண்டாம். ஃபிளையை அமிழ்த்துவது முள்ளின் எடைதான். 12 முதல் 16 வரை எதிலும் கட்டலாம், ஆனால் பழகுவதற்கு 12 நல்லது. எண் ஏற ஏற முள் சிறுத்துக்கொண்டே போகும். 16இல் கற்றுக்கொள்ள முயல்வது வீண் சிரமம்.

இறக்கை இறகுதான் முதலில் பார்க்க வேண்டிய பொருள். பிளாக்பேர்ட் இன்று பிரிட்டனில் பாதுகாக்கப்பட்ட பறவை, அதைத் தேட வேண்டியதில்லை. ஸ்டார்லிங் சிறகு நீண்ட காலமாக அதற்கு மாற்றாக இருந்துவருகிறது. சாம்பல் நிற வாத்துச் சிறகும் நன்றாக வேலை செய்யும். நம் ஊரில் கட்டுபவருக்கு வளர்ப்பு வாத்தின் சிறகு போதும், நிறம் வெளிறியிருந்தால் சாயமேற்றிக்கொள்ளலாம். ஹேக்கிள் விஷயத்தில் நமக்குக் குறையே இல்லை. நாட்டுக்கோழிப் பெட்டைகள் பலவற்றின் கழுத்து இறகில் நடுவே கருப்புக் கோடும் ஓரத்தில் தேன் நிறமும் இருக்கும். கிரீன்வெல்லுக்கு இன்று பரவலாகப் பயன்படுத்துவது இந்த நிறம்தான். ரைட் கட்டியபோது எடுத்த காக்-இ-பாண்டுவில் கருப்பு நடு, செம்பழுப்பு ஓரம், நுனியில் மீண்டும் கருப்பு. சேவல் இறகு விறைப்பாக நிற்கும், பெட்டை இறகு தண்ணீரில் அசையும். வெட் ஃபிளைக்குப் பெட்டைதான். கறிக்கடையிலிருந்து வாங்கிய இறகை சோப்பு நீரில் அலசி, நிழலில் காயவைத்து, பையிலிட்டு ஒரு வாரம் ஃபிரீசரில் வைத்துவிடுங்கள். பேன், அந்து எதுவும் மற்ற சரக்குக்குப் பரவாது.

நீலகிரியில் இந்த ஃபிளைக்கு வேலை உண்டு. ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட டிரவுட், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவலாஞ்சியில் எச். சி. வில்சன் ஏற்படுத்திய பொரிப்பகத்தின் வழியாக மலை ஓடைகளிலும் அணைகளிலும் நிலைத்தது. உரிய அனுமதி பெறாமல் அங்கே தூண்டில் போடக் கூடாது என்பதை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

இனி நூல். உடலும் நூலும் இங்கே ஒன்றே, அதனால் நூல் பட்டாக இருக்க வேண்டும். மஞ்சள் அல்லது வெளிர்மஞ்சள் பட்டு நூலில், செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் கருமெழுகை இழுத்தால் நிறம் ஆலிவாக மாறும். கீல், குங்கிலியம், கொழுப்பு சேர்த்துக் காய்ச்சிய மெழுகு அது. விரலில் உருட்டி இளக்கி, நூலை அதன் ஊடாக வேகமாக இழுக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் நூல் ஒட்டிக்கொண்டு அறுந்துபோகும். ஒரு தடவை இழுத்தால் வெளிர் ஆலிவ், இரண்டு மூன்று தடவை இழுத்தால் ஆழ்ந்த ஆலிவ். அதற்கு மேல் போனால் கருத்துத் திட்டுத்திட்டாகும். மெழுகிட்ட நூல், நூல் உருளையைப் பிடிக்கும் கருவியான பாபினின் குழாயை அடைத்துக்கொள்ளும், ஆகவே அரை மீட்டர் துண்டாக வெட்டிக் கையிலேயே சுற்றுவது பழைய வழக்கம். இங்கே ஒரு நுணுக்கம்: 14ஆம் எண் முள்ளின் உடலுக்கு ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் நூல் போதும். அந்த அளவுக்கு மட்டும் கருமெழுகு இடுங்கள். மிச்சத்தில், அதாவது இறக்கையைக் கட்டப்போகும் பகுதியில், லேசாகத் தேன்மெழுகு தடவினால் போதும். கருமெழுகு தடித்த நூல் உருண்டையாகவே இருக்கும், இறகின்மேல் பட்டையாகப் படியாது. மெழுகே இல்லாத நூலோ வழுக்கும்.

நூலைக் கண்ணுக்கு மிக அருகில் தொடங்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் முழுதாக ஒரு கண்ணின் நீளத்தை வெறுமையாக விட்டுத் தொடங்கி, அடுத்தடுத்த சுற்றுகளாக வளைவின் தொடக்கம் வரை போங்கள். போகும்போதே தங்கக் கம்பியை, கிடைப்பதிலேயே மெல்லியதை, முள்ளின் அடிப்பக்கமாக முழு நீளத்துக்கும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். வால் பக்கத்தில் மட்டும் கட்டினால் அங்கே ஒரு புடைப்பு வந்து கடைசிவரை உறுத்தும். ரைட்டின் முதல் ஃபிளையில் கம்பி கிடையாது, பின்னால் வந்த சேர்க்கை. ஆனாலும் பட்டு உடலை மீனின் பல்லிலிருந்து அது காக்கிறது என்பதால் நான் விடுவதில்லை. திரும்பி வரும் நூல்தான் உடல். அது எங்கே நிற்க வேண்டும்? முள்ளின் தண்டில் முன்பக்கக் கால் பங்கை மிச்சம் வைத்து நிற்க வேண்டும். ஆரம்பத்தில் இது அதிகமாகத் தெரியும். ஹேக்கிளுக்கும் இறக்கைக்கும் தலைக்கும் சேர்த்துப் பார்த்தால் அதுவே இறுக்கமான இடம்.

கம்பியை நூலுக்கு எதிர்த் திசையில் 4 சுற்று, சம இடைவெளியில் கொண்டுவந்து கட்டுங்கள். எதிர்த் திசை என்றால் அது பட்டுச் சுற்றுகளின் நடுவே புதையாமல் மேலே நிற்கும். மிச்சக் கம்பியைக் கத்தரியால் வெட்டாமல் இப்படியும் அப்படியும் ஆட்டி முறியுங்கள். கூர்முனை விடாது, கத்தரியும் மழுங்காது.

உடல் முடியும் இடம் படிக்கட்டு மாதிரி செங்குத்தாக இறங்கக் கூடாது. பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். உடல் தடித்து நின்று அதன் முன்னால் முள் வெறுமையாக இருந்தால், இறக்கையின் அடிப்பகுதி அந்தப் பள்ளத்துக்குள் இழுபடும். அடி கீழே போகும்போது நுனி மேலே எழும்பும். இறக்கை செங்குத்தாக நிற்கிறது என்று அதைக் கையால் அழுத்தி அழுத்திப் படியவைக்கப் பார்ப்பார்கள், படியாது. உடலின் முன் விளிம்பிலிருந்து கண் பக்கம் நோக்கி நூலால் மிகச் சிறிய சரிவு ஒன்றைக் கட்டி மட்டத்தைச் சமமாக்குவதுதான் மருந்து. நாலைந்து சுற்றுதான் ஆகும்.

ஹேக்கிளில் இழை நீளம் முள்ளின் முனையைத் தொட்டால் போதும். அடியிலுள்ள பஞ்சு போன்ற பகுதியை உரித்துவிட்டு, காம்பைக் கட்டி, இரண்டே சுற்று. மூன்றுக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். சுற்றியபின் விரல்களை ஈரமாக்கி எல்லா இழைகளையும் கீழே வாரி இழுத்துப் பிடித்து, அதன் அடியின்மேல் இரண்டு சுற்று போட்டால் மேல்பக்கம் காலியாகும். அப்படியும் மேலே நிற்கும் இழைகளை ஒவ்வொன்றாக வெட்டியெடுங்கள். சோம்பல்பட்டு விட்ட ஒரே ஒரு இழை இறக்கைக்கு அடியில் மாட்டினால், அது இறக்கையை எந்தப் பக்கம் தள்ளும் என்று சொல்ல முடியாது.

இப்போது இறகுகள். இடது சிறகிலிருந்து ஒன்று, வலது சிறகிலிருந்து அதே வரிசையில் உள்ள இன்னொன்று. மூன்றாவது இறகுக்கு மூன்றாவதுதான் ஜோடி, நான்காவது அல்ல. வளைவு மாறிவிடும். காம்பின் ஒரு பக்கம் இழைகள் குட்டையாக, விறைப்பாக இருக்கும், அது உதவாது. அகலமான மறுபக்கத்தில், நடு மூன்றிலொரு பங்குதான் நல்ல சரக்கு. அடியில் பஞ்சு, நுனியில் மெலிவு. ஊசியை இழைகளுக்கு இடையே நுழைத்து 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கீற்றைப் பிரியுங்கள். எத்தனை இழை என்று எண்ணி, மறு இறகில் காம்பின் அதே உயரத்தில் அதே எண்ணிக்கையை எடுங்கள். அகலத்தைக் கண்ணளவில் பார்ப்பதைவிட எண்ணுவது நம்பகமானது. வெட்டும்போது காம்பை ஒட்டி வெட்டினால் பிடிக்க நீளம் கிடைக்கும்.

இரு கீற்றுகளின் குழிவான பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்க, நுனிகள் சமமாக நிற்க, சேர்த்துப் பிடியுங்கள். கீற்றுகளின் நுனி சாய்வாக இருப்பதைக் காண்பீர்கள். அந்தக் கூர் கீழே வர வேண்டுமா மேலே வர வேண்டுமா என்பது, எந்தக் கீற்று எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்தது. குழிவு உள்ளேயே இருக்க இரண்டையும் இடம் மாற்றினால் கூர் தலைகீழாகும். கூர் கீழே இருந்தால் இறக்கை உடலோடு தாழ்ந்து படுக்கும். என் தேர்வு அதுதான். மேலே கூர் வைத்துக் கட்டிய பழைய ஃபிளைகளும் நிறைய உண்டு, தவறில்லை. ரைட் காலத்து ட்வீட் பாணியில் இறக்கையை முதலிலேயே கண்ணுக்கு முன்னால் நீட்டிக் கட்டி, பிறகு நிமிர்த்திப் பிரித்து, அதன் அடியில் ஹேக்கிள் சுற்றுவார்கள். இங்கே சொல்வது பின்னால் சாய்ந்த இறக்கை, கடைசியில் வைப்பது.

இறக்கையின் நுனி முள்ளின் வளைவுக்கு நேராக வருமாறு அளந்து, இடது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல் இரண்டுக்கும் நடுவே மாற்றிக்கொள்ளுங்கள். அந்த விரல் நுனிகள் இறகை மட்டும் அல்ல, முள்ளின் தண்டையும் சேர்த்துப் பிடித்திருக்க வேண்டும். எல்லாம் இந்தப் பிடியில் இருக்கிறது. பாபினில் கட்டுபவர்கள் முதலில் அதைத் தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கையில் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் சுழற்றுங்கள்; வலது கைக்காரருக்குச் சுற்றுக்கு ஒன்றாக ஏறிய முறுக்கு அவிழ்ந்து நூல் பட்டையாகும். பிறகு நூலைப் பெருவிரலுக்கும் இறகுக்கும் நடுவே மேலே கொண்டுபோய், இறக்கையின் மேல் தளர்வான வளையமாக விட்டு, ஆள்காட்டி விரலுக்கும் இறகுக்கும் நடுவே மறுபக்கம் கீழே இறக்குங்கள். இன்னும் இறுக்கவில்லை. விரல்களை நன்றாக அழுத்திக்கொண்டு, நூலை நேர் கீழே இழுங்கள். இழைகள் அப்போது பக்கவாட்டில் சரியாமல், புடவைக் கொசுவம் போல ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து படியும்.

இறக்கை பிளவுபடாமல் இருப்பதற்கான ரகசியம் முழுதும் இந்த மடிப்பில் உள்ளது. இறகிலுள்ள இழைகள் கண்ணுக்குத் தெரியாத நுண்கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன. மேலிருந்து நேராக அழுத்தினால் அந்தப் பிடி குலையாது. பக்கவாட்டில் தள்ளினால் உடனே கழன்றுபோகும். தளர்ந்த வளையம் போடாமல் சாதாரணச் சுற்றாக இழுத்தால், நூல் முதலில் நம் பக்கத்தில் இறகைத் தொட்டு, உருட்டி, அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இறக்கை எப்போதும் மறுபக்கமே சாய்வது இதனால்தான். அப்படியும் கொஞ்சம் சாய்ந்தால், அடுத்த தடவை இறக்கையை மயிரிழை அளவு நம் பக்கமாக வைத்துத் தொடங்குங்கள், இறுகும்போது நடுவுக்கு வந்துவிடும்.

முதல் இழுப்பு முடிந்ததும் விரலை எடுத்துப் பார்க்க ஆசை வரும். எடுக்காதீர்கள். அதே முறையில் இன்னும் இரண்டு வளையம் போட்ட பிறகுதான். அடுத்து வரும் சுற்றுகள் எல்லாம் முதல் சுற்றுக்கு முன்னால், கண் பக்கமாகவே போக வேண்டும். ஒரு சுற்று பின்னால் வந்து இறக்கைமேல் ஏறினாலும் அடி விரிந்து கீற்றுகள் பிரியும். இறக்கை சரியில்லை என்று தெரிந்தால் நூலை அவிழ்த்து, அதே கீற்றை மறுபடி வைக்கலாமே என்று தோன்றும். ஒரு முறை மடிந்த இடத்தில் இழை உடைந்திருக்கும், அது திரும்ப ஒழுங்காகப் படியாது. புது ஜோடி எடுங்கள்.

அதிகப்படியான அடியைக் கத்தரிக்கும்போது இறக்கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, கண்ணை நோக்கிச் சாய்வாக, ஒரே வெட்டாக வெட்ட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினால் ஒவ்வொரு வெட்டும் இறக்கையைத் திருகும். சாய்வு வெட்டு தலைக்கு நல்ல கூம்பு வடிவத்தையும் தரும். அதன்மேல் ஆறேழு சுற்று, பிறகு நூல் முனையை அதன் சுற்றுகளுக்கு அடியிலேயே புதைக்கும் விப் ஃபினிஷ் முடிச்சு நாலைந்து சுற்றில். வார்னிஷை ஊசி முனையில் ஒரு துளி எடுத்துத் தலையில் மட்டும் தொடுங்கள். அதிகமானால் அது இறக்கையின் அடிக்குள் ஊறி, காய்ந்ததும் இறகைத் தகடாக்கிவிடும். காய்வதற்குள் ஒரு கோழி இறகின் காம்பைக் கண்ணுக்குள் விட்டு அடைப்பை எடுத்துவிட்டால் ஆற்றங்கரையில் நிம்மதி.

பழைய இறகு காய்ந்து முறுமுறுவென்று இருந்தால் எவ்வளவு நேராக இழுத்தாலும் பிளக்கும். கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் சில நொடி காட்டி, விரலால் அடியிலிருந்து நுனிக்கு நீவினால் இழைகள் மறுபடி கோத்துக்கொள்ளும். ஜோடி இறகே கிடைக்காதவர்கள், ஒரே இறகிலிருந்து மும்மடங்கு அகலத்தில் கீற்றை எடுத்து இரண்டாகவோ மூன்றாகவோ மடித்து ஒற்றை இறக்கையாகக் கட்டலாம். மீன் பல்லுக்கு இது ஜோடி இறக்கையைவிடத் தாங்கும். அழகில் ஒரு படி குறைவு என்பேன், அவ்வளவுதான்.

நாலு மீன் கடித்ததும் எந்த இறக்கையும் கிழிந்துதான் போகும், அப்போதும் மீன் எடுக்கும். பிறகு இவ்வளவு மெனக்கெடுவது ஏன்? இறக்கை கோணலாக இருந்தால் ஃபிளை நீரோட்டத்தில் சுழலும், அதோடு சேர்ந்து மெல்லிய நரம்பும் முறுக்கேறிச் சிக்கும். ஒரே நரம்பில் இரண்டு மூன்று ஃபிளை கட்டி வீசும் வெட் ஃபிளை முறையில் அது பெரிய தொல்லை. கட்டி முடித்த ஃபிளையை ஒரு சாண் நரம்பில் முடிந்து, வாளித் தண்ணீரில் நேர்கோட்டில் இழுத்துப் பாருங்கள். சுழலாமல் வந்தால் பெட்டிக்குப் போகலாம். சுழன்றால் முழு ஃபிளையையும் அறுத்துப்போட வேண்டியதில்லை, தலைக்கு அருகே இறக்கையை மட்டும் கத்தரித்துவிடுங்கள். மஞ்சள் பட்டு உடலும் ஹேக்கிளும் மட்டும் உள்ள கிரீன்வெல் ஸ்பைடர் தனக்கென்று பெயர் பெற்ற ஃபிளை. நீங்கள் ஹேக்கிளைக் கீழே இழுத்துக் கட்டியிருப்பதால் இது அதன் அச்சு நகலாக இருக்காது, ஆனால் அதே ஆழத்தில் அதே மீனை எடுக்கும்.